அனுமதிக்குப் பின் என்ன? மாத்தளை மாணவரும் பல்கலைக்கழகக் கற்பித்தலும்

பல்கலைக்கழக அனுமதி பற்றிய நமது பேச்சு பெரும்பாலும் வெட்டுப்புள்ளியோடு நின்றுவிடுகின்றது. எந்த மாவட்டத்துக்கு எத்தனை இடம், இசட் புள்ளி ஏறியதா இறங்கியதா என்பதே ஆண்டுதோறும் நடைபெறும் விவாதம். அனுமதி பெற்றவர் விரிவுரை மண்டபத்தில் போய் அமர்ந்தபின் அவருக்கு என்ன நேர்கின்றது என்பது குறித்து நாம் அதிகம் கேட்பதில்லை.

மாத்தளை மாவட்டத்தில் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 4 இலட்சத்து 84 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். அவர்களுள் ஐந்திலொரு பங்கிற்குச் சற்றுக் குறைவானோர் தமிழரும் முஸ்லிம்களுமாவர். மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளுக்கான இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவையெனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. நுவரெலியாவும் பதுளையும் அப்பட்டியலில் உண்டு, மாத்தளை இல்லை. ஆகவே, எல்கடுவ, கம்மடுவ, ரத்தோட்டை மலைகளிலுள்ள தோட்டத்துப் பிள்ளை நகரத்துத் தேசிய பாடசாலை மாணவருடன் ஒரே மாவட்ட வரிசையில் நின்றே போட்டியிட வேண்டியுள்ளது. நுவரெலியாவின் தோட்டத்துப் பிள்ளைக்குள்ள மேலதிக வாய்ப்பு இவருக்கில்லை.

இத்தனையும் தாண்டி ஒருவர் பேராதனைக்குச் செல்கின்றார் என்று கொள்வோம். மாத்தளைக்கு மிக அண்மையிலுள்ள பல்கலைக்கழகம் அதுவே. மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் ஆகியவை அங்கு ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. கலைப்பீடத்தில் தமிழ்மொழிமூலம் இருந்தபோதிலும் எல்லாப் பாடங்களும் தமிழில் இல்லை. உயர்தர உயிரியலில் 'இழையுருப்பிரிவு' என்று படித்து அதன் ஒவ்வொரு படிநிலையையும் தெளிவாக விளக்கக்கூடிய மாணவி, 'மைட்டோசிஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் திகைத்து நிற்கின்றார். விடயம் அவருக்குத் தெரியும். சொல் மட்டுமே தெரியாது. ஆனால் வகுப்பு அவரைப் 'பலவீனமான மாணவி' என்றே குறித்துவைக்கின்றது.

இதற்கு வழக்கமாகச் செய்யப்படுவது தொடக்கத்தில் சில வாரகால ஆங்கில வகுப்பு நடத்துவதாகும். அது தேவைதான். எனினும் குறை மாணவரிடமே உள்ளது, அவரைத் திருத்திக் கொண்டுவந்தால் போதும் என்ற எண்ணம் அதனுள் இருப்பதையும் மறுப்பதற்கில்லை. கற்பித்தலின் அமைப்பிலும் குறை இருக்கக்கூடுமல்லவா?

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ் இக்கேள்வியைக் கட்டடங்கள் தொடர்பில் எழுப்பினார். இளம்பிள்ளைவாதத்தால் சக்கர நாற்காலியில் இயங்கிய அவர், படிக்கட்டைக் கட்டிவிட்டுப் பின்னர் சாய்தளத்தை ஒட்டவைப்பதைவிட, வரைபடத்திலேயே எல்லோரையும் நினைவிற்கொள்ள வேண்டும் என வாதிட்டார். 1984 இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கப்பட்ட 'காஸ்ட்' என்ற நிறுவனம் இந்தச் சிந்தனையைக் கல்விக்குக் கொண்டுவந்தது. ஒரே விடயத்தைப் பல வடிவங்களில் முன்வைத்தல், கற்றதைப் பல வழிகளில் வெளிப்படுத்த இடமளித்தல், ஈடுபாட்டைப் பல வழிகளில் தூண்டுதல் என்பனவே அதன் சாரம்.

கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றினாலும் நடைமுறையில் இவை எளியவை. விரிவுரைக் குறிப்பை இரு தினங்களுக்கு முன்னரே வழங்குவதும், அதனுடன் இருபது கலைச்சொற்களை மும்மொழியிலும் இணைப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்களல்ல. விரிவுரையை ஒலிப்பதிவு செய்து வைத்தால் மொழி தடுமாறுபவர் மட்டுமன்றி, காய்ச்சலில் படுத்திருந்தவரும் பயனடைவார். பரீட்சைகளையும் களப்பயணங்களையும் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் வைக்காதிருப்பதற்கும், நோன்பு மாதத்தின் மாலை வேளைகளைக் கருத்திற்கொள்வதற்கும் முன்கூட்டிய திட்டமிடல் ஒன்றே போதுமானது.

அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு விடயமும் உண்டு. பார்வைக் குறைபாடுடையோருக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு உள்ளது. திரைவாசிப்பு மென்பொருள்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. அவை தமிழையும் வாசிக்கின்றன. ஆனால் நம்மிடையே பரவியுள்ள பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய குறிப்பை அம்மென்பொருள் தமிழாக அறிவதில்லை. 'அம்மா' என்ற சொல் அதற்கு வெறும் ஆங்கில எழுத்துகளின் குவியல். நிழற்பிரதியைப் படமெடுத்து அனுப்பினால் அதுவும் கேட்காது. குறிப்பை யுனிகோட்டில் தட்டெழுதினாலே இந்தத் தடை பெருமளவு நீங்கிவிடும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆயினும் ஒரு பார்வையற்ற மாணவரின் அன்றாடக் கல்வி இத்தகைய சிறிய விடயங்களிலேயே தங்கியுள்ளது.

இவ்வாறு இடமளித்தால் தரம் குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். அச்சம் நியாயமற்றதன்று, பதில் பாடத்துக்குப் பாடம் வேறுபடும். உடற்கூற்றியல் பரீட்சை அளக்க வேண்டியது உடற்கூற்றறிவையே. அங்கு வினாத்தாளின் மொழிநடையை எளிமையாக்குவதாலோ, வாய்மொழியாக விளக்க ஒரு வாய்ப்பளிப்பதாலோ எதுவும் குறைவதில்லை. மாறாக, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் திறனே ஒரு பாடத்தின் நோக்கமாயின் அதில் சலுகை காட்டக்கூடாது. எதை அளக்கின்றோம் என்பதை விரிவுரையாளர் முதலில் தமக்குத்தாமே தெளிவுபடுத்திக்கொள்வதே இங்கு கடினமான பகுதி. புதிதாக நியமனம் பெறும் விரிவுரையாளர்களுக்குப் பணியாளர் அபிவிருத்தி நிலையங்களில் கற்பித்தல் பயிற்சி வழங்கப்படுகின்றது. இவ்விடயங்களைக் கற்பிப்பதற்கு அதுவே பொருத்தமான களம். மூத்தோர் அவ்வகுப்புகளுக்கு வருவதில்லை என்பது வேறு கதை.

மாத்தளையிலும் செய்யக்கூடியவை உள. உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழகம் ஆரம்பிப்பதற்கும் இடையே நீண்ட மாதங்கள் வீணே கழிகின்றன. ஸாஹிராக் கல்லூரி, ஆமினா, பாக்கியம், இந்துக் கல்லூரி ஆகிய பாடசாலைகளின் பழைய மாணவர்களில் பல்கலைக்கழகங்களில் பயில்வோர் ஒன்றுகூடி, தத்தம் பாடத்தின் முதலாண்டுக் கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தொகுத்து, யுனிகோட்டில் தட்டெழுதி, அடுத்த அணியினரின் கையில் கொடுக்கலாம். தோட்டப் பாடசாலைகளிலிருந்து தனியாக வருவோரையும் முதலிலேயே அத்தொடர்பில் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். நகரத்து மாணவருக்கு அண்ணனோ அக்காவோ சொல்லித்தருவதை அவர்களுக்குச் சொல்ல வீட்டில் ஒருவரும் இருப்பதில்லை.