தாமே எழுதும் ஓத அளவிகளும் ஒரே அட்டவணையும்

மட்டாஞ்சேரிக்கும் வில்லிங்டன் தீவுக்கும் இடையிலுள்ள கால்வாயில் நீர் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. இவ்வேற்ற இறக்கத்தை ஓதம் என்பர். கொச்சியில் ஓதத்தின் வீச்சு பெரிதன்று. பெரும்பாலான நாட்களில் ஒரு மீட்டருக்கும் குறைவானதே. எனினும் காயலோரத்துக் கிடங்குகளும் வீடுகளும் நீர்மட்டத்துக்குச் சற்றே உயர்ந்த தரையில் அமைந்திருப்பதால், ஒரு சாண் நீர் மிகுந்தாலும் தாழ்ந்த தெருக்களில் உப்புநீர் புகுந்துவிடுகிறது. இது பெருமழைக் காலத்தில் நிகழ்வதாகவே பலரும் எண்ணுவர். உண்மை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கேரளக் கரையோரம் கடலின் சராசரி மட்டம் தாழ்ந்தும், நவம்பர் முதல் ஜனவரி வரை உயர்ந்தும் காணப்படுகிறது. அவ்வுயர்ந்த மட்டத்தின்மேல் பௌர்ணமி, அமாவாசை நாட்களின் பேரோதமும் சேரும்போதுதான் வானத்தில் மேகமே இல்லாத காலையிலும் வாசலில் தண்ணீர் நிற்கிறது.

பாட்டனார் காலத்தில் இந்நீர் இவ்வளவு உயரம் வந்ததா என்னும் கேள்விக்கு நினைவைக்கொண்டு விடை கூற இயலாது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் நிகழும் மாறுதலைக் கண்ணும் அறியாது, மனமும் அறியாது. அதற்கெனவே, மனிதன் உறங்கும் வேளையிலும் உறங்காது எழுதும் கருவி ஒன்று வேண்டியதாயிற்று.

தானே எழுதும் ஓத அளவியின் அமைப்பு மிக எளியது. அலையின் துள்ளல் உட்புகாதபடி, அடியில் சிறு துளையுடன் ஒரு குழாய்க் கிணறு நீரில் நிறுத்தப்படும். அதனுள் ஒரு மிதவை. மிதவையுடன் பிணைத்த கம்பி ஒரு சக்கரத்தைச் சுற்றி வந்து, ஓர் எழுதுகோலை மேலும் கீழும் நகர்த்தும். கடிகாரத்தால் சுழலும் உருளையில் சுற்றிய தாளின்மீது அக்கோல் இடைவிடாது ஒரு வளைகோட்டை வரையும். இவ்வகைக் கருவியொன்றை 1831இல் ஹென்றி பால்மர் என்னும் பொறியாளர் இலண்டனில் விவரித்தார். இந்தியாவில் நில அளவைத் துறையினர் 1870களின் இறுதியிலிருந்து துறைமுகந்தோறும் இத்தகைய கருவிகளை நிறுவினர். கொச்சியில் 1886 முதல் 1892 வரை அளவி இயங்கியது. பின்னர், வில்லிங்டன் தீவில் அமைந்த அளவியின் மாதச் சராசரிகள் 1939ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கின்றன.

எழுதுவது கருவியின் வேலை. எழுதப்பட்டவற்றை ஒழுங்குபடுத்துவதோ மனிதனுக்கு விடப்பட்ட வேலை, கடினமானது இதுவே. உலகின் துறைமுகங்களில் நூற்றுக்கணக்கான எழுதுகோல்கள் ஓயாது எழுதிக்கொண்டிருக்க, அவை ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சுழியையும் தனக்கென ஒரு கடிகாரத்தையும் வைத்துக்கொண்டிருந்தன. அவற்றைத் திரட்டி ஒரே அட்டவணையில் வைக்கும் பணியை 1933இல் தொடங்கிய ‘சராசரிக் கடல்மட்ட நிரந்தரப் பணியகம்’ இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து ஆற்றி வருகிறது. இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களின் பதிவுகள் அதில் உள்ளன. கொச்சியும் அவற்றுள் ஒன்று.

முதல் இடர்ப்பாடு சுழியைப் பற்றியது. ஓர் அளவி ‘1,200 மில்லிமீட்டர்’ என்று எழுதினால், அது எதிலிருந்து 1,200 என்று கேட்க வேண்டும். கருவியைப் பழுதுபார்த்து மீண்டும் பொருத்துகையில் கம்பியின் நீளம் சிறிது மாறினாலும், அன்றுமுதல் கடலே உயர்ந்ததுபோலப் பதிவு காட்டும். ஆகவே, அருகிலுள்ள உறுதியான தரையில் ஒரு மட்டக்குறி பதிக்கப்பட்டு, அளவியின் சுழி அதற்கு எவ்வளவு கீழே உள்ளது என்பது காலந்தோறும் அளந்து குறிக்கப்படுகிறது. இக்குறிப்பு அறுபடாது கிடைக்கும் நிலையங்களின் எண்களைப் பணியகம் ஒரு பொது அடிப்படைக்கு மாற்றுகிறது. அவ்வடிப்படை, அந்தந்த நிலையத்தின் சராசரிக் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 7,000 மில்லிமீட்டர் கீழே கொள்ளப்படுகிறது. ஏன் ஏழாயிரம் எனின், எந்த மாதத்திலும் எதிர்ம எண் வந்து கணக்கரைக் குழப்பலாகாது என்பதே காரணம்! மட்டக்குறியின் வரலாறு கிடைக்காத நிலையங்களின் எண்களும் தள்ளப்படுவதில்லை. ஆனால் அவை வேறு தொகுதியில் வைக்கப்படுகின்றன. நீண்டகால ஏற்றத்தைக் கணிக்க அவற்றைப் பயன்படுத்தலாகாது என்ற எச்சரிக்கையும் உடன் செல்கிறது.

கொச்சியின் இரு பதிவுகளை இங்கே எண்ணிப் பார்க்கலாம். 1892இல் வில்லிங்டன் தீவு இன்றைய வடிவில் இல்லை. ராபர்ட் பிரிஸ்டோவின் துறைமுகத் திட்டத்தின்போது, காயலிலிருந்து தோண்டிய மண்ணைக்கொண்டு உருவாக்கப்பட்டதே அதன் பெரும்பகுதி. பழைய அளவியின் சுழிக்கும் புதிய அளவியின் சுழிக்கும் உள்ள உறவு மட்டக்குறிகளின் வழியே நிறுவப்பட்டாலன்றி, ஊரின் பெயர் ஒன்றே என்பதற்காக இரண்டையும் ஒரே கோட்டில் ஒட்டுவது பிழையாகும்.

கடிகாரமும் இவ்வாறே. 1906க்கு முன்னர் இந்தியாவுக்குப் பொது நேரம் இல்லை. கொச்சியின் தல நேரம் இன்றைய இந்திய நேரத்துக்கு ஏறத்தாழ 25 நிமிடம் பின்தங்கியது. 1942 முதல் 1945 வரை போரை முன்னிட்டு நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணி முன்னோக்கி வைக்கப்பட்டிருந்தன. மாதச் சராசரிக்கு இவை பெரிதல்ல. ஓதம் எத்தனை மணிக்கு உச்சத்தை எட்டியது என்று அறிய விழைவோருக்கோ இதுவே முதற் கேள்வி.

மை உலர்ந்த நாட்களும் கிணற்றின் துளையைச் சேறு அடைத்த நாட்களும் உண்டு. அந்நாட்களுக்கு முன்பின் நாட்களைப் பார்த்து ஊகமாக எண் எழுதிவிடும் ஆசை எவருக்கும் எழும். லிவர்பூல் அட்டவணை அதற்கு இடந்தருவதில்லை. ஒரு மாதத்தில் 15 நாட்களுக்கு மேல் பதிவு விடுபட்டால் அம்மாதத்துக்குச் சராசரியே கணிக்கப்படுவதில்லை. அவ்விடத்தில் எவரும் கடல்மட்டம் என்று மயங்க முடியாத -99999 என்னும் எண் நிற்கிறது. குறைந்த நாட்கள் விடுபட்டால், எத்தனை நாட்கள் என்பது தனிப் பத்தியில் குறிக்கப்படுகிறது. ஐயத்துக்குரிய எண்ணுக்கு அருகே ஓர் அடையாளமும் இடப்படுகிறது. எண் ஒரு பத்தியில். அதன் நம்பகம் மற்றொரு பத்தியில். அட்டவணையின் உயிர் இவ்விரண்டாவது பத்தியிலேயே இருக்கிறது எனலாம்.

வேற்றுமைகளைக் களைந்து எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இந்திய நில அளவையின் வரலாற்றிலேயே சான்று உண்டு. நாட்டின் உயரங்களையெல்லாம் ஒரே அடிப்படையில் கூறும்பொருட்டு, 1858 முதல் 1909 வரை மட்ட அளவைகள் நடைபெற்றன. கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், பால்ஸ் பாயிண்ட் ஆகிய ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல்மட்டம் சுழி என்று கொள்ளப்பட்டது. கடல் எங்கும் ஒரே மட்டம் என்பது அக்காலத்தின் இயல்பான எண்ணம். ஆனால் கரையிலிருந்து கரைக்குத் தரைவழியே மட்டம் பார்த்துச் சென்றபோது, கீழைக் கடல் மேலைக் கடலைவிட உயர்ந்திருப்பதாக அளவுகள் கூறின. விசாகப்பட்டினத்துக்கும் பம்பாய்க்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 30 செ.மீ. இதை அளவையில் நேர்ந்த பிழையென்று கொண்டு, வழிநெடுகப் பங்கிட்டுச் சரிக்கட்டினர்.

அது பிழையன்று. கங்கையும் பிரமபுத்திராவும் பிற பேராறுகளும் நன்னீரைக் கொட்டுவதால் வங்கக் கடலின் உப்பு குறைவு. அதனால் அந்நீர் அடர்த்தி குறைந்து சற்றே உயர்ந்து நிற்கிறது. அரபிக் கடல் உப்பு மிகுந்தது, கனத்தது. பழைய மட்ட அளவைகள் காட்டிய வேறுபாடு உண்மையே என்பதை 2001இல் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த சங்கரும் ஷேத்யேயும் விளக்கினர். அளந்தவர்கள் தாம் கண்ட எண்களை அழிக்காது அச்சிட்டு வைத்திருந்தமையால்தான், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் அவை மீண்டும் பேச முடிந்தது. சரிக்கட்டிய எண்களை மட்டும் விட்டுச் சென்றிருந்தால் அவ்வறிவு அவர்களோடே மறைந்திருக்கும்.

விரைவு என்னும் புதிய தேவை 2004 டிசம்பர் 26இல் வெளிப்பட்டது. அன்று இந்திய நேரம் காலை 6 மணி 29 நிமிடத்துக்குச் சுமத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கிற்று. சென்னையில் 9 மணியளவில் ஆழிப்பேரலை வந்து மோதியது. அது தெற்கே இலங்கையைச் சுற்றி வளைந்து கொச்சியின் அளவியிலும் முற்பகலில் பதிவாயிற்று. கருவிகள் தம் கடமையைச் செய்தன. அவை எழுதியதை அக்கணமே ஓரிடத்தில் சேர்த்துப் படிக்கும் ஏற்பாடுதான் இல்லை. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னறிவிப்பு மையம் தொடங்கியபின், துறைமுக அளவிகள் நிமிடத்துக்கு ஓர் எண்ணைக் குறித்துச் செயற்கைக்கோள் வழியே அனுப்பி வருகின்றன. மிதவையின் இடத்தில், நீர்ப்பரப்பின்மீது ரேடார் அலையைச் செலுத்தித் திரும்பும் நேரத்தை அளக்கும் கருவிகளும் வந்துள்ளன.

நாளொன்றுக்கு 1,440 வரிகளை ஒரு கருவியே எழுதும் நிலையில், ஒவ்வொன்றையும் மனிதர் பார்த்து ஒப்பமிடுதல் ஆகாத காரியம். அடுத்தடுத்த இரு நிமிடங்களுக்கிடையே நீர் ஒரு மீட்டர் தாவினால், அது கருவிக் கோளாறா பேரலையா என்பதை ஒரு நிலையத்தைக்கொண்டு முடிவு செய்ய இயலாது. பக்கத்து நிலையங்களின் வரிகளும் அதே அட்டவணையில், அதே நேரக்கணக்கில் இருந்தால், அலை ஒவ்வொரு துறையாகக் கடந்து வருவதைப் பார்த்து அறியலாம். கோளாறு ஓரிடத்தில் நிற்கும், அலை நகரும்.

மாதச் சராசரிகளுக்கு இவ்வவசரம் இல்லை. ஆனால் பொறுமை கூடுதலாக வேண்டும். உன்னிகிருஷ்ணனும் சங்கரும் வட இந்தியப் பெருங்கடலின் நீண்ட பதிவுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவின்படி, நிலத்தின் மெல்லிய அசைவுக்குரிய திருத்தத்துடன், கடல்மட்டம் ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மில்லிமீட்டர் வரை உயர்ந்துள்ளது. ஏறத்தாழ 1.3 என்பது அப்பகுதியின் சராசரி. கொச்சி அவ்வெல்லையின் மேல்முனையில் உள்ளது. 1993 முதல் செயற்கைக்கோள்கள் அளந்துவரும் உலகச் சராசரி இதைவிடக் கூடுதல். ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்கும் மேற்பட்டது. இத்தகைய சிற்றெண்ணை நோக்க, மட்டக்குறி பதித்த கல் ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்து, அது குறிக்கப்படாது போனால், ஏறத்தாழ ஆறு ஆண்டு ஏற்றத்துக்கு ஒப்பான பொய் அட்டவணையில் புகுந்துவிடும். அதனால்தான் கொட்டி உயர்த்திய மண்மேல் அமைந்த வில்லிங்டன் தீவில், நீரை அளக்கும் கருவியைப் போலவே தரையை அளக்கும் வேலையும் ஓயாது நடைபெற வேண்டியிருக்கிறது.