பட்டையை உரித்தால் மரம் சாகாதா?

பூப்பந்து விளையாடுகிறீர்களா? பழைய பந்து ஒன்று கிடைத்தால், இறகுகள் செருகப்பட்டிருக்கும் உருண்டைத் தலையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். தரமான இறகுப் பந்தாக இருந்தால், உள்ளே வெளிர் பழுப்பு நிறத்தில் ஒரு பொருள் இருக்கும். விரலால் அழுத்தினால் அமுங்கும். விட்டால் மீண்டும் எழும். அதுதான் தக்கை.

இந்தத் தக்கையை மெல்லிய ஏடாகச் சீவி, துணியின்மேல் ஒட்டினால் கிடைப்பது தக்கைத் தோல். பெயர்தான் தோல், இதில் விலங்கின் தோல் இல்லை. ஜார்ஜ்டவுனில் வார இறுதிச் சந்தையில் வாங்கிய தக்கைத் தோல் பை ஒன்றை அண்மையில் வகுப்பில் காட்டினேன். இரண்டாம் படிவ மாணவி ஒருத்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், பட்டையை உரிச்சா மரம் செத்துப் போயிடுமே?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது சரிதான். பெரும்பாலான மரங்களில் பட்டையை அடிமரத்தைச் சுற்றி முழுவதும் உரித்தால் மரம் பட்டுப்போகும். இலைகள் தயாரிக்கும் உணவு, உயிருள்ள உட்பட்டை வழியாகத்தான் வேருக்குப் போகிறது. அந்த வழி அறுந்தால் வேர் பட்டினி கிடக்கும். பிறகு முழு மரமும் காயும்.

தக்கை ஓக் மரத்தின் கதை வேறு. போர்த்துகல், ஸ்பெயின், மொரோக்கோ, அல்ஜீரியா போன்ற நாடுகளில் இம்மரம் வளர்கிறது. உலகத் தக்கையில் ஏறக்குறைய பாதியைப் போர்த்துகல் தருகிறது. இம்மரத்தின் உட்பட்டைக்கு வெளியே, இறந்த உயிரணுக்களால் ஆன தக்கை அடுக்கு தடிப்பாக வளர்கிறது. கோடையின் தொடக்கத்தில் தொழிலாளர்கள் கோடரியால் கீறி, இந்த வெளியடுக்கை மட்டும் பலகை பலகையாகப் பெயர்த்தெடுக்கிறார்கள். உட்பட்டை மரத்திலேயே இருக்கும். சில வாரங்களில் அதனுள் புதிய வளர்திசு உருவாகி, மறுபடியும் தக்கையை உண்டாக்கத் தொடங்கும். கோடரி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் உட்பட்டை காயப்படும். ஆகவே எல்லாம் கைப்பக்குவத்தில்தான் இருக்கிறது.

அவசரப்படவும் முடியாது. முதல் முறை உரிக்க மரத்துக்கு ஏறத்தாழ 25 வயதாக வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறைக்கும் குறைந்தது 9 ஆண்டு இடைவெளி விட வேண்டும் என்பது போர்த்துகல் நாட்டுச் சட்டம். உரித்த ஆண்டின் கடைசி எண்ணை மரத்திலேயே வெள்ளைச் சாயத்தால் எழுதிவைப்பார்கள். '9' என்றிருந்தால் 2019இல் உரித்தது. அடுத்த முறை 2028. முதல் இரண்டு முறை கிடைக்கும் தக்கை கரடுமுரடாக இருக்கும். போத்தல் மூடிக்கு ஏற்ற நல்ல தக்கை மூன்றாம் முறைதான் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 25, 9, 9. மரத்துக்கு வயது 43 ஆகிவிடும்!

இந்தக் கைப்பக்குவம் நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. என் பாட்டி செபராங் பிறையில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். உளி மரக்கட்டையைத் தொட்டுக் காயம் பட்டால் கங்காணி ஏசுவாராம். காரணம் அறிவியல்தான். ரப்பர் பால் ஓடும் குழாய்கள் உட்பட்டையில் இருக்கின்றன. அதற்கு அடுத்துள்ள மெல்லிய அடுக்கு கேம்பியம். பட்டையை மீண்டும் வளர்க்கும் அந்த அடுக்கைத் தொடாமல் சீவினால்தான் அதே இடத்தில் சில ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் வெட்டலாம். தொட்டுவிட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மரத்தைக் கெடுக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் ஹென்றி ரிட்லி உருவாக்கினார். அதை நாள்தோறும் விடியற்காலையில் செய்து காட்டியவர்கள் நம் பாட்டி, தாத்தாக்கள்.

சரி, தக்கை ஏன் பைக்கு ஏற்றது? 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்தார். சிறு சிறு அறைகளாகத் தெரிந்தன. உயிரணுவைக் குறிக்கும் 'செல்' என்ற சொல் அங்கிருந்துதான் வந்தது. ஒரு கன சென்டிமீட்டர் தக்கையில் சுமார் 4 கோடி அறைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் காற்று அடைபட்டிருப்பதால் தக்கை எடை குறைந்தது, நீரில் மிதக்கும். அறைச் சுவர்களில் சுபரின் என்ற மெழுகு போன்ற பொருள் இருப்பதால் நீர் எளிதில் ஊடுருவாது.

நீங்களே ஒரு சில்லறைப் பை தைக்கலாம். 12 செ.மீ. அகலம், 24 செ.மீ. நீளத்தில் தக்கைத் தோலை வெட்டுங்கள். துணிப்பக்கம் உள்ளே இருக்கும்படி, ஒரு முனையிலிருந்து 9 செ.மீ. மேல்நோக்கி மடியுங்கள். இரு பக்க ஓரங்களையும் தையுங்கள். மீதமுள்ள 6 செ.மீ.தான் மூடி. அதற்கு அழுத்துப் பொத்தான் ஒன்று வைத்தால் பை தயார்.

தைக்கும்போது குண்டூசி குத்தாதீர்கள். துணியில் ஊசி குத்தினால் நூலிழைகள் விலகி, பிறகு மீண்டும் சேர்ந்துகொள்ளும். தக்கையில் உடைந்த அறைகள் ஒட்டாது. ஓட்டை அப்படியே நிற்கும். என் முதல் பை இப்படித்தான் ஓட்டை ஓட்டையாகிக் கெட்டது. குண்டூசிக்குப் பதில் கிளிப் போடுங்கள். தையலையும் நெருக்கமாகப் போட வேண்டாம். 3 மில்லிமீட்டருக்கு ஒரு தையல் போதும். நெருங்கிய ஓட்டைகள் தபால்தலை ஓரம்போலக் கிழிந்துவிடும்.

தைத்து மீந்த துண்டில் ஒரு சோதனை செய்யுங்கள். தக்கைப் பக்கம் ஒரு சொட்டு நீர், துணிப் பக்கம் ஒரு சொட்டு நீர் விட்டு, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பிறகு தையல் ஓட்டைகளின்மீதும் ஒரு சொட்டு விடுங்கள். 'நீர் புகாத பை' என்று விற்பவர் சொன்னால், எந்த இடத்தில் புகாது என்று உங்களால் கேட்க முடியும்.

இன்னொன்றும் கேளுங்கள். 'முழுக்க முழுக்க இயற்கை' என்று சீட்டு ஒட்டியிருந்தால் பையின் உட்புறத்தைப் பாருங்கள். அடித்துணி பருத்தியாக இருக்கலாம், பாலியெஸ்டராகவும் இருக்கலாம். ஒட்டும் பசையும் மேற்பூச்சும் நெகிழி வகையாக இருக்கக்கூடும். தக்கை மரத்திலிருந்து வந்தது என்பதாலேயே முழுப் பையும் மண்ணில் மக்கிவிடாது.

ஆனாலும் தக்கைக்கு ஒரு பெருமை உண்டு. ரப்பர் மரத்தை நடவு செய்து 25, 30 ஆண்டுகளில் வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்கிறார்கள், அல்லது செம்பனை நடுகிறார்கள். தக்கை ஓக் அந்த வயதில்தான் முதல் பட்டையையே தருகிறது. பிறகு நூறாண்டுக்கும் மேல் தந்துகொண்டிருக்கும். தக்கைக்கு விலை கிடைக்கும்வரை அந்தக் காடுகளை வைத்திருக்க அங்குள்ளவர்களுக்குக் காரணமும் இருக்கும்.

மாணவியின் கேள்விக்கு இதுதான் விடை: எந்த அடுக்கை எடுக்கிறோம், எந்த அடுக்கை விட்டுவைக்கிறோம் என்பதைப் பொறுத்தது மரத்தின் உயிர். உங்கள் வீட்டில் பால் வெட்டிய பெரியவர் இருந்தால், உளியை எந்த ஆழத்தில் நிறுத்துவார் என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் பாடநூலையும்விடத் தெளிவாகச் சொல்வார்.