பண்டைய எகிப்தின் ‘அங்க்’: பீடங்களில் இடம்பெற்ற வாழ்வின் சின்னம்

மேலே நீள்வட்ட வளையமும் அதன் கீழே சிலுவை போன்ற வடிவமும் கொண்ட ஒரு சின்னத்தைக் கழுத்துச் சங்கிலிகளிலும் சுவர் அலங்காரங்களிலும் இன்று உலகின் பல நாடுகளில் காணமுடிகின்றது. மேலைநாடுகளில் சிலர் தமது வீட்டு வழிபாட்டுப் பீடத்தில், மெழுகுவர்த்திக்கும் தூபத்துக்கும் நடுவே அதனை வைத்து வணங்குகின்றனர். ‘அங்க்’ என அழைக்கப்படும் இச்சின்னம் பண்டைய எகிப்தியருக்கு உரியது. ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளாக அழியாது நிலைத்திருக்கும் இச்சின்னத்தை, அழகிய வடிவம் என்பதற்காக மாத்திரம் ஏற்றுக்கொள்வதா அல்லது அதனை உருவாக்கிய மக்கள் அதற்களித்த பொருளுடன் விளங்கிக்கொள்வதா என்பது சிந்திக்கத்தக்கதொரு வினாவாகும்.

அங்க் முதலில் ஓர் எழுத்தாகும். எகிப்தியரின் சித்திர எழுத்து முறையில் அது மூன்று மெய்யொலிகளைக் குறித்தது. அவ்வொலிகளால் அமைந்த சொல்லுக்கு ‘உயிர்’, ‘வாழ்தல்’ என்பன பொருள். மன்னரின் பெயரை எழுதியபின் ‘வாழ்வு, வளம், நலம்’ என வாழ்த்துரைப்பது எகிப்திய எழுத்தரின் வழக்கம். அவ்வாழ்த்தின் முதற்சொல்லும் இதுவே. துட்டன்காமுன் என்ற மன்னனின் பெயருக்கு ‘அமுன் தெய்வத்தின் உயிருள்ள உருவம்’ என்பது பொருள். அப்பெயரின் நடுவிலும் இச்சொல் அமைந்துள்ளது. அதே ஒலிகளைக் கொண்ட சொற்கள் முகம் பார்க்கும் கண்ணாடியையும் பூங்கொத்தையும் கூடக் குறித்தன. 1922 ஆம் ஆண்டில் ஹவார்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமுனின் கல்லறையில், அங்க் வடிவில் செய்யப்பட்டுப் பொற்றகடு வேயப்பட்ட கண்ணாடிப் பேழையொன்று கிடைத்தமை இச்சொல்லொற்றுமைக்குச் சிறந்த சான்றாகும்.

இவ்வடிவம் எப்பொருளிலிருந்து பிறந்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்திய மொழியியலறிஞரான அலன் கார்டினர் அதனைப் பாதணியின் வார் எனக் கருதினார். பாதணி வாரைக் குறிக்கும் எகிப்தியச் சொல்லிலும் இதே மெய்யொலிகள் அமைந்திருப்பதே அதற்குக் காரணமாகும். துணியாலோ நாணற்புல்லாலோ இடப்பட்ட முடிச்சே இதுவென வேறு சிலர் கூறுவர். ‘நைல் நதியின் திறவுகோல்’ என்றும் ஆண் பெண் இணைவின் குறியீடு என்றும் பிற்காலத்தில் பரவிய விளக்கங்களுக்கு எகிப்தியரின் நூல்களில் ஆதாரம் இல்லை.

பீடத்துக்கும் அங்க் சின்னத்துக்கும் உள்ள தொடர்பு மிகத் தொன்மையானது. நியூயோர்க் நகரின் மெட்ரோபொலிற்றன் நூதனசாலையில், எகிப்தின் முதலாம் அரச வம்சக் காலத்துக் கற்கிண்ணமொன்று வைக்கப்பட்டுள்ளது. கி.மு. 3100 இற்கும் கி.மு. 2900 இற்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்த அது, இரு கரங்கள் ஓர் அங்க் சின்னத்தை அணைத்திருப்பது போலக் குடையப்பட்டதாகும். அக்கரங்கள் ‘கா’ என எகிப்தியர் அழைத்த உயிராற்றலைக் குறிப்பன. சடங்கின்போது வார்க்கப்பட்ட நீர், உயிர் என்ற எழுத்தினுள் நிரம்பிக் கிண்ணத்தின் மூக்கு வழியே வெளியேறும். எழுத்தைத் தொட்டு வந்த நீர் அதன் ஆற்றலையும் ஏந்தி வருவதாக அவர்கள் நம்பினர். அவர்களைப் பொறுத்தவரை எழுதப்பட்ட சின்னம் வெறும் அடையாளமன்று; அது குறிக்கும் பொருளாகவே செயற்படவல்லது.

கோயிற் சுவர்களில் உள்ள புடைப்புச் சிற்பங்கள் இதனை மேலும் தெளிவுபடுத்துகின்றன. மன்னன் தெய்வத்துக்கு அப்பமும் மதுவும் தூபமும் படைக்கின்றான். தெய்வமோ அங்க் சின்னத்தை அவனது மூக்கருகே நீட்டுகின்றது. உயிர் என்பது மூச்சு. மூச்சு நுழையும் வாயில் மூக்கு என்பதே இதன் கருத்து. வேறு சில சிற்பங்களில் தெய்வங்கள் மன்னனின் தலைமேல் குடத்தைக் கவிழ்க்க, அதிலிருந்து நீர்த்துளிகளுக்குப் பதிலாக அங்க் சின்னங்கள் வரிசையாக வழிகின்றன. எகிப்தியப் பீடம் இவ்வகையில் கொடுக்கல் வாங்கல் நிகழும் இடமாகும். மனிதன் படையலைக் கொடுக்கின்றான், உயிரைப் பெறுகின்றான். உயிர் அவனால் ஈட்டப்பட்ட உடைமையன்று என்பதையே இச்சின்னம் உணர்த்தியது.

அங்க் இடம்பெற்ற வீட்டுப் பீடமொன்று இன்று பேர்லின் நகரின் புதிய நூதனசாலையில் உள்ளது. கி.மு. 14 ஆம் நூற்றாண்டில் சூரிய வட்டமாகிய ஆத்தன் ஒன்றையே வழிபடுமாறு பணித்த மன்னன் அக்கெனாத்தனின் காலத்துச் சுண்ணாம்புக்கற் பலகை அது. அதில் மன்னனும் அரசி நெபர்டீற்றியும் தமது மூன்று புதல்வியரைக் கொஞ்சியவாறு அமர்ந்திருக்கின்றனர். சூரியனின் கதிர்கள் சிறு கைகளாக முடிகின்றன. அக்கைகள் அரச தம்பதியரின் மூக்கருகே அங்க் சின்னத்தை நீட்டுகின்றன. குடிமக்கள் தமது இல்லத்தில் வைத்து வணங்கிய அப்பலகையில் உயிர் அருளப்படுவது அரச குடும்பத்துக்கே என்பது கவனிக்கத்தக்கது. மக்கள் அதனை மன்னன் வழியாகவே பெறவேண்டியிருந்தது. ஒரு புனித சின்னம் அதிகாரத்தின் கருவியாகவும் பயன்படக்கூடும் என்பதற்கு இது பழையதோர் உதாரணமாகும்.

பின்னர் காலம் மாறியது. உரோமப் பேரரசில் கிறிஸ்தவம் அரச சமயமாகியபின், கி.பி. 391 ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியா நகரிலிருந்த செராப்பிஸ் தெய்வத்தின் பெருங்கோயில் தகர்க்கப்பட்டது. அப்போது அதன் கற்களில் சிலுவையை ஒத்த எழுத்துக்கள் காணப்பட்டதாகத் திருச்சபை வரலாற்றாசிரியர் சோக்கிரத்தீஸ் பதிவு செய்துள்ளார். இரு சமயத்தாரும் அதற்கு உரிமை கோரினர். பழைய எழுத்தை அறிந்திருந்து கிறிஸ்தவத்தைத் தழுவிய சிலர், அது ‘வரவிருக்கும் வாழ்வு’ என்று பொருள்படும் என விளக்கினராம். அவர்கள் கூறியது பெருமளவுக்குச் சரியானதே. கோயிலை இடித்தவர்களும் அதன் சுவரிலிருந்த சொல்லைக் கைவிடவில்லை. எகிப்தின் கொப்டிக் கிறிஸ்தவர்கள் வளையமுள்ள அச்சிலுவையைத் தமது கல்லறைக் கற்களிலும் நெசவுத் துணிகளிலும் சுவடிகளிலும் தொடர்ந்து வரைந்தனர்.

கி.பி. 394 ஆம் ஆண்டில் பிலே தீவுக் கோயிலில் பொறிக்கப்பட்டதே, நாமறிந்தவரை சித்திர எழுத்தில் அமைந்த இறுதிக் கல்வெட்டாகும். காலப்போக்கில் அவ்வெழுத்தை வாசிக்க எவரும் இல்லாது போயினர். 1822 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் அதன் மர்மத்தை விடுவிக்கும்வரை எகிப்தியரின் சுவர்கள் ஊமையாகவே நின்றன. ஆயினும் எழுத்து மறக்கப்பட்ட பின்னரும் அங்க், சிலுவையின் வடிவில் நிலைபெற்றிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இச்சின்னம் புதிய பீடங்களைக் கண்டது. 1976 ஆம் ஆண்டில் அயர்லாந்தில் தோற்றுவிக்கப்பட்ட ஐசிஸ் தோழமைச் சங்கம் போன்ற அமைப்புக்கள் எகிப்தியத் தெய்வ வழிபாட்டுக்குப் புத்துயிரளிக்க முயன்றன. அமெரிக்கக் கறுப்பின மக்களுள் பலர் தமது ஆபிரிக்க வேர்களின் அடையாளமாக அதனை அணியத் தொடங்கினர். நவநாகரிக ஆபரணச் சந்தையும் அதனைத் தனதாக்கிக்கொண்டது. இவற்றுள் எதனையும் எள்ளி நகையாடவேண்டியதில்லை. சின்னங்கள் கைமாறியே வாழ்கின்றன. கொப்டிக் கிறிஸ்தவர் அதனை ஏற்காதிருந்திருப்பின் அதன் நினைவு அன்றே அறுபட்டிருக்கும்.

எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. கொப்டிக் மக்கள் அதன் வடிவத்துடன் அதன் பொருளையும் எடுத்துக்கொண்டனர். இன்றைய சந்தையோ வடிவத்தை மாத்திரம் விற்கின்றது. அதிர்ஷ்டத்தையும் செல்வத்தையும் ஈர்க்கும் கருவியென்ற விளம்பரத்துடன் அதனை வாங்குபவர், அச்சின்னம் கூறவந்ததற்கு நேரெதிரான ஒன்றையே தமது பீடத்தில் வைக்கின்றார். பண்டைய எகிப்தியச் சிற்பி செதுக்கிய காட்சியில் அங்க் தெய்வத்தின் கையிலிருந்து மனிதனின் மூச்சை நோக்கி நீள்கின்றது. உயிர் நமக்குத் தரப்பட்டது. தரப்பட்டதற்கு நன்றியுடையோராய் இருத்தல் வேண்டும் என்பதே அக்காட்சி கூறும் செய்தியாகும். அதனை உணர்ந்து வைக்கப்படும் அங்க், எந்நாட்டவர் வீட்டில் இருப்பினும் வெறும் அலங்காரப் பொருளாகிவிடாது.