அணையாத அடுப்பும் ஒரு பிடி அரிசியும்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் இருக்கிறது, வடலூர். இங்குள்ள சத்திய தருமச்சாலைக்குப் பசியோடு வருபவரிடம் ஊர், சாதி எதுவும் கேட்பதில்லை. எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சோறு போடுகிறார்கள். 1867-ம் ஆண்டு, மே 23-ம் தேதி வள்ளலார் மூட்டிய அடுப்பு, இன்றைக்கும் அணையாமல் எரிகிறது.

சிதம்பரத்துக்கு அருகேயுள்ள மருதூரில் 1823-ல் பிறந்தவர், வள்ளலார். பயிர் வாடினாலே மனம் தாங்காதவர். சென்னையில் இருந்தவர், பிறகு இந்தப் பக்கம் வந்து கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். அவர் பெரிய செல்வந்தர் இல்லை. தருமச்சாலைக்கு இடம் தேடியபோது, பார்வதிபுரம் கிராம மக்கள் சுமார் 80 காணி நிலத்தைக் கொடுத்தார்கள்.

அன்று நிலம் கொடுத்ததோடு ஊர்க்காரர்களின் பங்கு முடிந்துவிடவில்லை. சம்பா அறுவடை நடக்கும் தை மாதத்தில்தான் வடலூரில் தைப்பூசம். சுற்றுவட்டார விவசாயிகள் அரிசி, காய்கறிகளைக் கொண்டுவந்து இறக்குவார்கள். கொடுக்கப் பொருள் இல்லாதவர்கள் காய் நறுக்குவார்கள்; பந்தியில் பரிமாறுவார்கள். அடுப்பு தானாக எரியாது. யாராவது ஒருவர் விறகு தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இப்படிப் பலருடைய சின்னச் சின்ன உதவிதான், 150 ஆண்டுகளைத் தாண்டியும் அதைக் காப்பாற்றி வருகிறது.

இதை நம் ஊரிலும் செய்யலாம். தினமும் உலை வைக்கும்போது, ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வையுங்கள். பிடிக்கு 50 கிராம் என்றாலும், மாதம் ஒன்றரை கிலோ சேரும். 20 வீடுகள் சேர்ந்தால் 30 கிலோ. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் தண்ணீர் நின்றால், கூலி வேலை செய்பவர்களுக்கு வேலை இருக்காது. அந்த நாள்களில் அவர்களுக்கும், தனியாக வசிக்கும் முதியவர்களுக்கும் அந்த அரிசி உதவும்.

கொடுக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. வாங்குபவர் கூச்சப்படும்படி நாலு பேர் முன்னிலையில் நீட்டக் கூடாது. முடிந்தால், அந்த அரிசியை மாதத்தில் ஒருநாள் ஊர்ப் பொது இடத்தில் சமைத்து, எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம். அரிசி கொடுத்தவர் யார், பசியோடு வந்தவர் யார் என்று அந்தப் பந்தியில் யாருக்கும் தெரியாது.