வீட்டுக்குள் எட்டாத அலை

வங்கியில் பணம் அனுப்புவது முதல் அரசின் நலத்திட்ட விண்ணப்பம் வரை எல்லாவற்றுக்கும் ஒருமுறைக் கடவுச்சொல் தேவைப்படும் காலம் இது. அந்தக் கடவுச்சொல்லைப் பெறுவதற்காக மொட்டை மாடிக்கு ஏறுபவர்களும், வாசலுக்கு ஓடுபவர்களும் இன்றும் இருக்கிறார்கள். மலைக் கிராமங்களில் மட்டுமல்ல, பெருநகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இதுவே நிலை. தனியாக வசிக்கும் முதியவர் ஒருவர் நள்ளிரவில் 108-ஐ அழைக்க நேர்ந்தால், படுக்கையறையில் அலை எட்டவில்லை என்பது வெறும் வசதிக்குறைவு அல்ல; உயிர் தொடர்பான விஷயம்.

இந்தத் தவிப்பைக் குறிவைத்தே 'சிக்னல் பூஸ்டர்' எனப்படும் அலைபெருக்கிகள் விற்கப்படுகின்றன. மாடியில் ஓர் ஆன்டெனா, வீட்டுக்குள் ஒரு சிறு பெட்டி, இரண்டையும் இணைக்க ஒரு கம்பி. விலையும் எட்டாத உயரத்தில் இல்லை. ஆனால், நம் நாட்டில் தனிநபர் இதைப் பொருத்துவது சட்டத்துக்குப் புறம்பானது என்பதும், பல நேரங்களில் இது தேவையே இல்லை என்பதும் வாங்குபவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. அலை கிடைக்காமல் போவதற்குக் கைப்பேசி, வலையமைப்பு, சுவர் என மூன்று இடங்களில் காரணம் இருக்கலாம். எங்கே கோளாறு என்று அறியாமல் பெட்டி வாங்குவது, நோய் அறியாமல் மருந்து வாங்குவதற்கு ஒப்பானது.

முதலில் கைப்பேசியைப் பார்ப்போம். 4ஜி, 5ஜி என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தால் போதும், எல்லா நிறுவனங்களின் சேவையும் கிடைத்துவிடும் என்று நினைக்கிறோம். உண்மை அதுவல்ல. ஒவ்வொரு நிறுவனமும் ஏலத்தில் எடுத்த அலைக்கற்றைகளில்தான் சேவை வழங்குகிறது. இந்தியாவில் 700, 850, 900, 1800, 2100, 2300, 2500, 3300 மெகாஹெர்ட்ஸ் எனப் பல அலைக்கற்றைகள் பயன்பாட்டில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் பன்னாட்டுத் தரநிலையில் ஒரு பட்டை எண் உண்டு. 1800 மெகாஹெர்ட்ஸ் என்பது 3-ஆம் பட்டை. 2300 என்பது 40-ஆம் பட்டை. கைப்பேசியின் உள்ளே இருக்கும் வன்பொருள் எந்தப் பட்டைகளை ஏற்கிறதோ, அவற்றில் மட்டுமே அது பேசும்.

பிஎஸ்என்எல் நிறுவனத்தின் 4ஜி சேவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைகளைச் சார்ந்துள்ளது. 700 மெகாஹெர்ட்ஸ் என்பது 28-ஆம் பட்டை. அந்தப் பட்டையை 4ஜியில் ஏற்காத பழைய கைப்பேசி, அருகிலேயே கோபுரம் இருந்தாலும் அந்த அலையை அறியாது. 5ஜியில் அதே பட்டையை ஏற்கும் கருவி, 4ஜியிலும் அதை ஏற்கும் என்று கொள்வதற்கில்லை. இரண்டும் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் தனித்தனியாகவே குறிக்கப்பட்டிருக்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கி வரும் கைப்பேசிகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். ஒரே பெயரில் விற்கப்படும் கருவி, நாட்டுக்கு நாடு வெவ்வேறு பட்டைகளுடன் வருவதுண்டு. அமெரிக்காவில் விற்கப்பட்ட ஐபோன் 14-இல் சிம் அட்டை செருகும் இடமே கிடையாது. இ-சிம் மட்டுமே அதில் இயங்கும்.

வன்பொருள் சரியாக இருந்தும் மென்பொருள் இடையில் நிற்பது உண்டு. 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது, 5ஜி வசதி கொண்ட ஐபோன்கள் பல இங்கே ஏற்கெனவே மக்கள் கையில் இருந்தன. ஆனால், அந்த ஆண்டு டிசம்பரில் மென்பொருள் புதுப்பிப்பு வரும்வரை அவற்றில் இங்கே 5ஜி வேலை செய்யவில்லை. இணையம் தடையின்றி ஓடுகிறது, அழைப்பு மட்டும் போகவில்லை என்னும் புகாருக்குப் பின்னாலும் பெரும்பாலும் மென்பொருளே இருக்கிறது. 4ஜி வலையமைப்பில் குரல் அழைப்பு செல்ல 'வோல்ட்இ' என்னும் வசதி தேவை. குறிப்பிட்ட நிறுவனத்துக்கான அமைப்பு கருவியில் இல்லாவிட்டால், அழைப்பின்போது கைப்பேசி பழைய 2ஜிக்கு இறங்கும். 2016-இல் 4ஜியுடன் மட்டுமே தொடங்கப்பட்ட ஜியோவில் இறங்குவதற்கு 2ஜியே கிடையாது. ஆகவே, அங்கே அழைப்பு அறவே நின்றுபோகும். அலைபெருக்கியை எத்தனை பொருத்தினாலும் இந்தக் குறை தீராது.

கோளாறு கைப்பேசியில்தானா என்று அறிய எளிய வழி இருக்கிறது. அதே நிறுவனத்தின் சேவையைப் பெறும் வேறொரு கைப்பேசியை, வீட்டின் அதே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் அலை நன்றாக இருந்தால் குறை நம் கருவியிலோ சிம் அட்டையிலோ உள்ளது. பின்னர் நம் சிம் அட்டையை அந்தக் கருவியில் இட்டுப் பார்த்தால், இரண்டில் எது என்பதும் விளங்கிவிடும். பழுது அட்டையில் என்றால் நிறுவனத்தின் கடையில் மாற்றிக்கொள்ளலாம். பழைய கைப்பேசி வாங்குவோர் *#06# என்று அழுத்திக் கிடைக்கும் ஐஎம்இஐ எண்ணைத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் சரிபார்ப்பதும் அவசியம். போலி எண் கொண்ட கருவியும் திருட்டுப் புகாருக்கு உள்ளான கருவியும் வலையமைப்பிலிருந்தே முடக்கப்படலாம்.

அடுத்தது அலையின் வலிமை. திரையின் மேல் தெரியும் கோடுகளை நம்பிப் பயனில்லை. எத்தனை வலிமைக்கு எத்தனை கோடு என்பதற்குப் பொது அளவுகோல் இல்லை. தயாரிப்பாளர்கள் தத்தம் விருப்பப்படி அமைக்கிறார்கள். உண்மையான அளவு 'டிபிஎம்' என்னும் அலகில் உள்ளது. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அமைப்புகள் பகுதியில், சிம் நிலை என்னும் இடத்தில் இதைக் காணலாம். ஐபோனில் *3001#12345#* என்று அழைத்தால் இதைக் காட்டும் பக்கம் திறக்கும். இது எப்போதும் எதிர்மறை எண்ணாகவே இருக்கும். 4ஜியில் −85 என்றால் நல்ல அலை. −100 என்றால் சமாளிக்கலாம். −115 என்றால் அழைப்பு அறுபடும் விளிம்பு. இந்த அளவில் ஒவ்வொரு 10 எண் இறங்கும்போதும் வலிமை பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அதாவது, −85-க்கும் −115-க்கும் இடையே இருப்பது ஆயிரம் மடங்கு வேறுபாடு.

இந்த எண்ணை வாசலிலும் வீட்டுக்குள்ளும் பார்த்து ஒப்பிட்டால் மூன்றாவது காரணம் வெளிப்படும். வெளியே −80, உள்ளே −115 என்றால் தடை சுவரில்தான் இருக்கிறது. ஓட்டு வீடுகளில் எளிதாக நுழைந்த அலை, கம்பி கட்டிய கான்கிரீட் சுவர்களிலும், தகரக் கூரையிலும், வெப்பம் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடிகளிலும் பெருமளவு இழக்கப்படுகிறது. அலைவெண் உயர உயர இந்த இழப்பும் கூடும். 700, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் சுவரைக் கடந்து உள்ளே வரும் அளவுக்கு 2300, 3300 மெகாஹெர்ட்ஸ் அலைகள் வருவதில்லை. தெருவில் பாய்ந்து ஓடும் 5ஜி, கூடத்தில் தள்ளாடுவதற்கு இதுவே காரணம். வெளியிலும் −110-க்குக் கீழே என்றால், குறை வலையமைப்பில். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் நீலகிரியிலும் கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மலைமுகடு நின்றாலே போதும், அப்பால் அலைநிழல்தான்.

இனி அலைபெருக்கிக்கு வருவோம். அது புதிதாக அலையை உண்டாக்குவதில்லை. வெளியே கிடைப்பதைப் பெருக்கி உள்ளே தருகிறது, உள்ளிருந்து வருவதைப் பெருக்கிக் கோபுரத்துக்கு அனுப்புகிறது. சிக்கல் இந்த இரண்டாவது வேலையில்தான். தரமற்ற பெருக்கி, நம் குரலோடு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி இடைவிடாது கோபுரத்தின் மீது கொட்டுகிறது. மாடி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் போதிய இடைவெளி இன்றி இருந்தால், ஒலிபெருக்கிக்கு முன்னே ஒலிவாங்கியைப் பிடித்ததுபோல் கருவி தன்னைத்தானே கேட்டு அலறத் தொடங்கும். அப்போது, அந்தக் கோபுரத்தை நம்பியிருக்கும் சுற்றுவட்டாரத்தினர் அனைவருடைய அழைப்புகளும் பாதிக்கப்படும். ஒரு வீட்டின் வசதி, பக்கத்துத் தெருவில் ஆம்புலன்ஸை அழைக்கும் குரலை விழுங்கக்கூடும்.

எனவேதான் உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு எவரும் அலைபெருக்கியை வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022-இல் அறிவித்தது. இணைய வணிகத் தளங்களுக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவி வைத்திருப்பதை 1933-ஆம் ஆண்டின் சட்டமே தடுத்தது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அனுமதியற்ற ரேடியோ கருவியை மீறலாகவே கருதுகிறது. சோதனையில் சிக்கினால் கருவி பறிமுதலாகும். விற்றவர் அப்போது துணைக்கு வரமாட்டார்.

அப்படியானால் வீட்டுக்குள் அலை இல்லாதவர் என்னதான் செய்வது? சட்டத்துக்கு உட்பட்டு, கூடுதல் செலவும் இல்லாத வழி 'வைஃபை அழைப்பு'. வீட்டில் கம்பிவழி அகலக்கற்றை இணைப்பு இருந்தால், கைப்பேசி அமைப்புகளில் இந்த வசதியை இயக்கிவிட்டால் போதும். கோபுரத்தின் அலை எட்டாத அறையிலிருந்தும் வழக்கமான எண்ணிலேயே பேசலாம். தனிச் செயலி வேண்டாம், எதிர்முனையில் இருப்பவரிடம் இந்த வசதி இருக்க வேண்டியதும் இல்லை. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. ஆனால், மின்தடையில் வைஃபை கருவி அணைந்தால் இந்த வழியும் அடைபடும். முதியோர் உள்ள வீடுகளில் அந்தக் கருவிக்குச் சிறு மின்சேமிப்பு ஏற்பாடு செய்துவைப்பது நல்லது.

அகலக்கற்றை இல்லாதவர்கள் வேறு நிறுவனத்துக்கு மாறலாம். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை 2011 முதல் நாடெங்கும் உள்ளது. மாறுவதற்கு முன் அந்த நிறுவனத்தின் சிம் உள்ள கைப்பேசியை, சிக்கல் உள்ள அதே அறையில் சோதித்துப் பார்க்க வேண்டும். ஊரில் நன்றாக இருக்கிறது என்பது நம் சமையலறைக்குப் பொருந்தாமல் போகலாம். குறை வலையமைப்பில் என்றால், நிறுவனத்தின் புகார் எண்ணில் முறையிட்டுப் பதிவெண் பெற வேண்டும். தீர்வு திருப்தியில்லை என்றால் 30 நாள்களுக்குள் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை அணுகலாம். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எத்தனை டிபிஎம் என்று குறிப்பிட்டு அளிக்கும் புகாரை, "சிக்னல் இல்லை" என்னும் ஒற்றை வரியைத் தள்ளுவதுபோல் தள்ளிவிட முடியாது.

நாமும் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. குடியிருப்புப் பகுதியில் கோபுரம் கூடாது என்று போராடும் தெருக்களிலேயே அலை இல்லை என்ற குறையும் எழுகிறது. கோபுரக் கதிர்வீச்சுக்கு இந்தியா 2012 முதல் பன்னாட்டுப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்கையே உச்சவரம்பாக வைத்துள்ளது. கோபுரம் தொலைவில் இருந்தால், அதை எட்டுவதற்காக நம் காதருகே இருக்கும் கைப்பேசிதான் தன் ஆற்றலைக் கூட்டுகிறது. மின்கலமும் விரைவில் தீர்கிறது. அச்சத்தை அளவிட்டுப் பார்க்க விரும்புவோர், அரசின் 'தரங் சஞ்சார்' தளத்தில் கட்டணம் செலுத்தி, தம் வீட்டிலேயே அளவீடு செய்யக் கோரலாம்.

எனினும், பொறுப்பு முழுவதையும் வாடிக்கையாளர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. சேவைப் பரப்பைக் காட்டும் வரைபடங்களை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று டிராய் 2024-இல் விதி வகுத்தது வரவேற்கத்தக்கது. ஆனால், தெருவுக்கு வண்ணம் தீட்டிய வரைபடம் வீட்டின் உள்ளறைக்கு உறுதி தராது. கட்டடங்களுக்கு இணைப்பு வசதியின் அடிப்படையில் தரமதிப்பு வழங்கும் விதிமுறையையும் அதே ஆண்டில் டிராய் கொண்டுவந்தது. மின்சாரம், குடிநீர் குறித்துக் கேட்பதைப்போல், அடுக்குமாடி வீடு வாங்குவோர் இந்தத் தரமதிப்பையும் கேட்கத் தொடங்கினால்தான் கட்டுமான நிறுவனங்கள் உள்ளரங்க அலை அமைப்புக்கு இடம் ஒதுக்கும்.

அமெரிக்காவில் 2013-இல், வலையமைப்பைக் கெடுக்காத தொழில்நுட்பத் தரம் வகுத்து, நிறுவனத்திடம் பதிவு செய்தபின் வீட்டில் அலைபெருக்கி பொருத்த அனுமதித்தார்கள். பிரிட்டனும் 2018-இல் குறிப்பிட்ட வகைக் கருவிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளித்தது. தன்னிச்சையாக ஆற்றலைக் குறைத்துக்கொள்ளவும், அலறத் தொடங்கினால் தானே அணையவும் தெரிந்த கருவிகள் இன்று உள்ளன. வெறும் தடை கள்ளச் சந்தையை ஒழிக்கவில்லை என்பது கண்கூடு. தரச்சான்று பெற்ற கருவியை, சேவை நிறுவனமே தன் பொறுப்பில் பொருத்தித் தரும் ஏற்பாட்டை அரசு பரிசீலிக்கலாம். மலைக் கிராமங்களுக்கும் முதியோர் வாழும் வீடுகளுக்கும் அதில் முன்னுரிமை அளிக்க வேண்டும்.

அரசின் சேவைகளையும் வங்கியின் கதவுகளையும் கைப்பேசிக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டோம். அந்தக் கைப்பேசி வீட்டுக்குள் இயங்குவதை உறுதி செய்யும் கடமை அரசுக்கும் நிறுவனங்களுக்கும் உண்டு. அதுவரை, பெட்டி வாங்கப் பணம் எடுப்பதற்கு முன் கோளாறு கைப்பேசியிலா, வலையமைப்பிலா, சுவரிலா என்று பத்து நிமிடம் சோதித்துப் பார்ப்பது நம் பணத்துக்கும் அண்டை வீட்டாருக்கும் நன்மை தரும்.