கைபேசியும் குழந்தைப்பேறும்

குழந்தையில்லாத பெண்ணை ‘மலடி’ என்று ஏசும் வழக்கம் தாமிரபரணிக் கரை ஊர்களில் இன்னும் முற்றிலும் மறையவில்லை. ‘மலடன்’ என்னும் சொல் அகராதியில் இருப்பினும் நாவில் வருவது அரிது. ஆனால் குழந்தைப்பேறு தடைப்படும் தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்து ஆணின் குறையும் காரணமாக அமைகிறது என்பது மருத்துவ உண்மை. இந்நிலையில், “கால்சட்டைப் பையில் கைபேசி வைத்தால் பிள்ளை பிறக்காதா?” என்னும் வினா நெல்லை இளைஞரிடையேயும் எழுந்துள்ளது. இதற்கு அறிவியல் கூறும் விடை யாது?

கைபேசி உமிழ்வது மின்காந்த அலை. எக்ஸ் கதிரைப் போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கும் ஆற்றல் அதற்கில்லை. உடலில் அது விளைப்பதாக ஐயமற நிறுவப்பெற்றது வெப்பம் ஒன்றே. விந்தணு செவ்வனே உருவாக, உடல் வெப்பத்தினும் 2 முதல் 4 செல்சியஸ் வரை குறைந்த சூழல் தேவை. விதைப்பை உடலுக்கு வெளியே அமைந்திருப்பது இதற்காகவே. எனவே ஐயம் எழுந்தது இயல்பே.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அசோக் அகர்வால் குழுவினர் 361 ஆண்களை ஆராய்ந்து 2008இல் முடிவினை வெளியிட்டனர். கைபேசியை நெடுநேரம் பயன்படுத்தியோரிடம் விந்தணு எண்ணிக்கையும் இயக்கமும் குறைந்திருந்தன. ஆனால் அவர்கள் அனைவரும் மலட்டுத்தன்மைச் சோதனைக்கு வந்தவர்கள் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

சுவிட்சர்லாந்தில் 2,886 இளைஞரிடம் நடந்த பேராய்வு 2023இல் வெளிவந்தது. வாரம் ஒருமுறைக்கு மேல் கைபேசியைக் கையாளாதோரிடம் ஒரு மில்லி லிட்டருக்கு 565 லட்சமாக இருந்த விந்தணு, நாளொன்றுக்கு 20 முறைக்கு மேல் கையாண்டோரிடம் 445 லட்சமாக இருந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வகுத்த கீழ்வரம்பு 160 லட்சம் மட்டுமே. கைபேசியைக் கால்சட்டைப் பையில் வைத்ததற்கும் இக்குறைவிற்கும் தொடர்பு காணப்படவில்லை. மாந்தரிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2024ஆம் ஆண்டு மதிப்பாய்வும், கிடைத்துள்ள சான்றுகள் மிக வலுக்குன்றியவை என்றே கூறிற்று.

ஆகவே அச்சம் வேண்டா, விழிப்பு வேண்டும். நம் நாட்டில் 2012 முதல், உடல் ஏற்கும் கதிர்வீச்சின் உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 வாட் ஆகும். *#07# என அழுத்தினால் பெரும்பாலான கைபேசிகளில் அவ்வளவு திரையில் தோன்றும். பாபநாசம் மலைப்பாதை போன்று சமிக்ஞை குன்றும் இடங்களில் கைபேசி மிகுந்த ஆற்றலுடன் அலையை உமிழும். அங்கு நெடும்பேச்சைத் தவிர்க்கலாம். சூடேறும் மடிக்கணினியை மடியில் வைக்காதிருத்தலும் நன்று.

புகை, மது, உடற்பருமன், விதைப்பை நரம்புப் புடைப்பு ஆகியவை விந்தணுவைப் பாதிக்கும் என்பதற்குச் சான்றுகள் இதனினும் வலியவை. கைபேசியைப் பையிலிருந்து எடுத்துவிட்டு, அதே பையில் சிகரெட்டை வைத்துக்கொள்வதால் பயனில்லை. புதிய விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். தீய பழக்கத்தை விட்டவர் அக்காலம் பொறுத்தல் வேண்டும்.

விந்துப் பரிசோதனை ஊசியோ கத்தியோ வேண்டாத எளிய சோதனை. குழந்தை வேண்டி மருத்துவரிடம் செல்லும்போது மனைவியை மட்டும் அனுப்பாது கணவனும் உடன் சென்று சோதித்துக்கொள்க. குடும்பப் பெரியோர் இதனை வலியுறுத்தினால், பல பெண்கள் சுமக்கும் பழிச்சொல் நீங்கும். கைபேசி எழுப்பிய ஐயத்தால் அந்த நன்மையேனும் விளையட்டும்.