பரோக் காலமும் நமது ஞானப்பாட்டுகளும்

நமது சபைகளில் வழங்கும் பழைய ஞானப்பாட்டுகள் எக்காலத்தில் பிறந்தவை என்று கேட்டால், மிஷனரிமார் கொண்டுவந்தவை என்பதோடு விடை நின்றுவிடுகிறது. அவற்றுட் பல ஜெர்மனி நாட்டில், கலை வரலாற்றாசிரியர் பரோக் என்றழைக்கும் காலத்தில், அதாவது ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையுள்ள காலத்தில் தோன்றியவை. கோணல் முத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பர். முதலில் இது இகழ்ச்சிப் பெயராகவே வழங்கிற்று.

அக்காலக் கலையின் பகட்டை நம் நாட்டிலேயே காணலாம். கோவாவில் சவேரியாரின் உடல் வைக்கப்பட்டுள்ள பளிங்குக் கல்லறை மேடை, பிளாரன்சு நகரச் சிற்பி பொஜ்ஜினி செய்தது, 1698-இல் நிறுவப்பட்டது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு கட்டி 1718-இல் பிரதிஷ்டை செய்த புதிய எருசலேம் ஆலயமோ அடக்கமான கட்டடம். முகப்பிலுள்ள டென்மார்க் அரசனின் முத்திரை எழுத்தே அதன் ஆடம்பரம். ஆயினும் இரண்டும் ஒரே யுகத்தின் பிள்ளைகள். சீகன்பால்கு கல்வி பயின்ற ஹாலே நகரிலேதான் இசைமேதை ஹாண்டல் 1685-இல் பிறந்தார். அதே ஆண்டில் பிறந்த பாக், 1713-இல் அந்நகரத்து ஆலயமொன்றின் ஆர்கன் வாசிப்பாளர் பதவிக்கு அழைக்கப்பெற்றும் அதை ஏற்கவில்லை.

இப்பாடல்களின் பின்னணியில் நிற்பது முப்பதாண்டுப் போர் (1618–1648). அப்போரோடு பஞ்சமும் கொள்ளைநோயும் ஜெர்மனியைப் பாழாக்கின. பவுல் கெர்ஹார்ட் அத்தலைமுறையின் குருவானவர். தம் ஐந்து பிள்ளைகளில் நால்வரைப் பறிகொடுத்தார். 1666-இல் ஆட்சியாளரின் ஆணைக்குக் கையொப்பமிட மறுத்துப் பெர்லினில் ஊழியத்தை இழந்தார். பெரிய வெள்ளியன்று நாம் முழந்தாளிட்டுப் பாடும் பாடு மரணப் பாட்டு, அவர் 1656-இல் வெளியிட்டதன் தமிழாக்கமே. அதன் ராகத்தைப் பாக் தமது மத்தேயு பாடுகளில் (1727) மீண்டும் மீண்டும் எடுத்தாண்டார்.

அந்த ராகத்தின் பிறப்பைக் குருமார் அறிந்திருத்தல் நலம். ஹாஸ்லர் என்பவர் 1601-இல் அதனை ஒரு காதல் பாட்டுக்காக இயற்றினார்! ஓர் இளம்பெண்ணின்பேரில் கொண்ட மயக்கத்தைப் பாடிய இசை, ஏறத்தாழ அரை நூற்றாண்டில் சிலுவையின் அடியில் வந்து நின்றது. தாயுமானவர் பாடலின் மெட்டையோ தெருக்கூத்தின் மெட்டையோ ஆலயத்தில் கேட்டவுடன் முகஞ்சுளிக்கும் மூப்பர்கள் இதற்கு என்ன சொல்வர்?

முகச்சுளிப்பும் புதிதன்று. ஹாலே பக்தி இயக்கத்தார் 1704-இல் பிரைலிங்ஹவுசன் தொகுத்த பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டபோது, அதன் புதுமெட்டுகள் நடனத்திற்கே ஏற்றவை என்று விற்றன்பேர்க் இறையியலார் கண்டித்தனர். எளிமையின் பேரில் ஆலய இசையின் பகட்டைக் குறைகூறியவர்களே துள்ளாட்டக்காரர் எனப் பெயர்பெற்றது விந்தை. அந்த ஹாலேயிலிருந்தே தரங்கம்பாடிக்கு ஊழியர் வந்தனர்.

தமிழாக்கத்தில் வேறொரு இடர் எழுந்தது. ஜெர்மன் செய்யுள் அசையழுத்தத்தால் நடப்பது. தமிழோ குறில் நெடில் அளவால் நடப்பது. நீண்ட ஸ்வரத்தில் குறில் விழுமாயின் 'கல்' என்பது 'கால்' ஆகிவிடும். 'படு' என்பது 'பாடு' ஆகும். சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் ஊழியஞ்செய்த பப்ரிசியு (1711–1791) இயன்றவரை இதனை வென்றார். வேதாகமத்தைத் தமிழில் திருத்தி எழுதிய அவர் கை, பாட்டிலும் உரம் பெற்றே விளங்குகிறது. எனினும் அவர் மொழிபெயர்ப்பைக் கேட்கும் கிராமத்துச் சபையார் சொல்லைப் பிரித்தறிய இடர்ப்படுவதை நாம் காண்கிறோம்.

இவ்விடரை முற்றிலும் நீக்கினவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்சு ஐயரிடம் வளர்ந்த அவர், ராகமும் தாளமும் தமிழ்ச் சொல்லோடு ஒட்டிப் பிறக்கும் கீர்த்தனைகளையும், குறவஞ்சி வடிவில் பெத்லகேம் குறவஞ்சியையும் பாடினார். அக்காலத்தில்தான் பரோக் காலத்துக் கருவியாகிய வயலின் கர்நாடக சங்கீதத்தினுள் நுழைந்தது. பாலுசுவாமி தீட்சிதர் முன்னோடி. இன்று அதை அந்நியக் கருவி என்பார் எவருமில்லை. ஆனால் 1829-ஆம் ஆண்டளவில் புதிதாக வந்த மிஷனரிமார் தமிழ்ப் பாடல்களை ஆராதனையினின்று விலக்க முயன்றபோது, சாஸ்திரியார் எழுத்து மூலம் கடுமையாக எதிர்த்தார். அதே எழுத்தில் சாதி ஆசாரத்தையும் அவர் காத்து நின்றார் என்பதை மறைப்பது நேர்மையன்று. இசையில் அவர் சொன்னது சரி. மற்றதில் அவரைப் பின்பற்ற வேண்டியதில்லை.

திருத்தணிக்கு அப்பால் ஆந்திர எல்லையை ஒட்டிய ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. இத்தகைய சபைகளுக்கும் ஹாலே அந்நியமன்று. 1719-இல் தரங்கம்பாடி வந்து பின் சென்னையில் ஊழியஞ்செய்த பெஞ்சமின் சூல்ட்சு தெலுங்கும் கற்று, வேதாகமத்தை அம்மொழியில் பெயர்த்தார், அது அச்சேறவில்லை. ஆயினும் அவர் தாயகம் திரும்பிய பின் 1746, 1747 ஆகிய ஆண்டுகளில் ஹாலேயில் அவருடைய தெலுங்குச் சிறு நூல்கள் அச்சாயின. லைப்சிக் நகரில் பாக் அப்போது உயிரோடிருந்தார்.